கனமாகத் திரும்பும் பழைய பிக்கப்: மேனுவல் ஸ்டீயரிங்கை வைத்துக்கொள்வதா, பவருக்கு மாறுவதா?

கேள்வியின் சாரம் இது: வண்டி 1968ஆம் ஆண்டின் செவ்ரலே சி-10 பிக்கப், 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், ஸ்டீயரிங் மேனுவல். முந்தைய உரிமையாளர் 8 அங்குல அகல ரிம்களையும் 255 அளவு டயர்களையும் மாட்டி, பழைய பெரிய ஸ்டீயரிங் வீலைக் கழற்றிவிட்டு 14 அங்குலச் சிறு வீலைப் போட்டிருக்கிறார். வண்டியை நிறுத்துமிடத்தில் ஒடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. நெடுஞ்சாலையிலோ வண்டி நேர் பிடிக்காமல் இரு பக்கமும் அலைகிறது. தோள்பட்டை வலியுள்ள தந்தையும் ஓட்ட வேண்டியிருப்பதால் பவர் ஸ்டீயரிங்குக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் வண்டி இன்றிருக்கும் நிலையிலேயே மாற வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை. கனம் என்பது பெரும்பாலும் டயர், வீல், உராய்வு ஆகியவற்றின் விளைவு. அலைச்சல் என்பது தேய்மானம், தவறான அலைன்மென்ட் (முன் சக்கரங்களின் கோண அமைப்பு) ஆகியவற்றின் விளைவு. பவர் ஸ்டீயரிங் முதலாவதைத் தீர்க்கும், இரண்டாவதைத் தீர்க்காது. சொல்லப்போனால், ஆட்டம் கண்ட டை ராடுகளோடு (சக்கரங்களைத் திருப்பும் இணைப்புக் கம்பிகள்) விகிதம் குறைந்த, அதாவது வீலைக் குறைவாகச் சுற்றினாலே சக்கரம் திரும்பும், இலேசான பவர் பாக்ஸ் (ஸ்டீயரிங்கின் பற்சக்கரப் பெட்டி) ஒன்றைச் சேர்த்தால், சிறு கையசைவுக்கே வண்டி தாவத் தொடங்கி, முன்பு எரிச்சலூட்டியது இப்போது அச்சமூட்டுவதாக மாறும். பழைய பிக்கப்புகளில் பவர் மாற்றிய பிறகும் மனநிறைவு கிடைக்காதவர்களில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள் என்பது என் அனுபவம்.

முதலில் கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, டயர் உருளாமல், தரையில் பதிந்த பரப்பு அப்படியே தேய்ந்தபடி முறுக்கப்படுகிறது. அந்தப் பரப்பு அகலமாக ஆக, காற்று குறையக் குறைய, முறுக்கத் தேவையான விசை கூடுகிறது. இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் குறுகலான பயஸ் வகை (உள் இழைகள் குறுக்காக ஓடும் பழைய வகை) டயர்களையும் ஏறத்தாழ 17 அங்குல ஸ்டீயரிங் வீலையும் மனத்தில் வைத்துத்தான் மேனுவல் பாக்ஸின் விகிதத்தைத் தீர்மானித்தார்கள். 17 அங்குல வீலை 14 ஆக்கியதில் மட்டும், அதே திருப்பத்துக்குக் கை செலுத்த வேண்டிய விசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. அதன்மேல் 255 டயர் ஏறியிருக்கிறது. ஆகவே உங்கள் தோளை வருத்துவது 1968ஆம் ஆண்டின் பொறியியல் அல்ல, அதன் கணக்குக்கு வெளியே பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட இரண்டு அலங்காரங்கள்.

அகல ரிம்மின் இன்னொரு தீங்கு ஆஃப்செட்டில், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவில், இருக்கிறது. சக்கரம் வெளிப்பக்கம் தள்ளி நிற்கும்போது, சக்கரம் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுப்பகுதிக்கும் உள்ள தூரம் அதிகமாகிறது. அந்தத் தூரமே நெம்புகோலாக மாறி, குழியில் ஒரு சக்கரம் இறங்கினாலோ ஒரு பக்கப் பிரேக் சற்றே அதிகமாகப் பிடித்தாலோ அந்த உதையை நேரே உங்கள் கைக்குக் கொண்டுவருகிறது. டிரம் பிரேக் உள்ள பழைய வண்டிகளில் இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே அளவில் பிடிப்பதில்லை என்பதால் இது சிறிய விஷயமல்ல. மேனுவல் ஸ்டீயரிங்கோடு மண் பாதையில் ஓட்டுபவர்கள் கட்டை விரலை ஸ்போக்குகளுக்கு உள்ளே விடாமல், வீலின் விளிம்பின் மேலேயே வைத்துப் பிடிக்கும் பழக்கம் வீண் பழக்கமல்ல; வீல் திடீரென்று உதைத்துச் சுழலும்போது ஸ்போக் விரலை ஒடித்துவிடக்கூடும்.

அடுத்தது உராய்வு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்கி இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். எந்தப் பாகமும் வாங்குவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. முன் ஆக்ஸில் பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். டயர்கள் தரையில் இல்லாத நிலையில் ஸ்டீயரிங் வீலை ஒரு விரலால் திருப்ப முடிய வேண்டும். முடியவில்லையென்றால் குற்றவாளி டயர் அல்ல. பிறகு பிட்மேன் ஆர்மிலிருந்து (பாக்ஸின் அசைவை இணைப்புகளுக்குக் கடத்தும் கை) இணைப்புத் தண்டைக் கழற்றிவிட்டு, பாக்ஸைத் தனியாகவும் சக்கரங்களைத் தனியாகவும் திருப்பிப் பாருங்கள். சக்கரங்கள் இறுக்கமாக இருந்தால் பால் ஜாயிண்டுகளும் (சக்கரம் திரும்பும் மூட்டுகள்) ஐட்லர் ஆர்மும் (இணைப்புத் தண்டின் மறுமுனையைத் தாங்கும் கை) கிரீஸ் காணாமல் வறண்டிருக்கின்றன. பாக்ஸ் இறுக்கமாக இருந்தால், யாரோ ஆட்டத்தைக் குறைப்பதாக நினைத்து மேலே உள்ள சரிசெய்யும் திருகை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். இந்தச் சோதனையின்போது, இணைப்பு கழன்ற நிலையில் வீலை இரு கோடிக்கும் வேகமாக மோதவிடாதீர்கள். மறுசுழற்சிக் குண்டு வகைப் பாக்ஸில், குண்டுகள் திரும்பிவரும் குழாய்கள் அந்த மோதலில் நசுங்கக்கூடும்.

அந்தத் திருகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய மேனுவல் பாக்ஸ்களில் அதிகம் வதைபடுவது அதுதான். புதிய பாக்ஸில் வீல் நேராக இருக்கும் நடு நிலையில் பற்கள் சற்றே இறுக்கமாகவும், இரு பக்கமும் திரும்பும்போது சற்றே தளர்வாகவும் இருக்கும்படி வேண்டுமென்றே அமைத்திருப்பார்கள். வண்டி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நேராகவே ஓடிக் கழிப்பதால் தேய்மானமும் நடுவிலேயே விழுகிறது. நடுவில் உண்டான ஆட்டத்தைப் போக்கத் திருகை முறுக்கினால், தேயாத ஓரப்பகுதிகள் கவ்விக்கொள்கின்றன. திருப்பத்திலிருந்து வீல் தானாகத் திரும்பாமல் அங்கேயே நிற்கிறது. சரிசெய்வதானால் வீலை மிகச் சரியாக நடு நிலைக்குக் கொண்டுவந்து, அங்கே மட்டும் அளந்து முறுக்க வேண்டும். முறுக்கிய பின் கோடியிலிருந்து கோடிவரை எங்கும் பிடிக்காமல் சுழல வேண்டும். அப்படிச் சுழலவில்லையென்றால் அந்தப் பாக்ஸ் திருகால் தீரும் நிலையைத் தாண்டிவிட்டது. பிரித்துப் பழுது பார்க்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். சேஸிஸுக்கு அடிக்கும் கெட்டி கிரீஸைப் பாக்ஸுக்குள் திணிப்பதும் பரவலான தவறு. பற்கள் கிரீஸை ஒரு முறை ஒதுக்கித் தள்ளியபின் அது திரும்ப வழிந்து வராது; பற்கள் உலர்ந்தே உராயும். அந்தப் பாக்ஸுக்கு உற்பத்தியாளர் சொன்ன கியர் ஆயிலோ, சீல் கசிகிறதென்றால் தானே வழிந்து மட்டமாகும் இளகிய கிரீஸோ போட வேண்டும்.

உங்கள் சி-10இல் முன்பக்கம் பால் ஜாயிண்டும் சுருள் ஸ்பிரிங்கும்தான். ஆனால் இதே ஐயத்தோடு 1960க்கு முந்தைய செவ்ரலே பிக்கப்போ, 1960களின் ஃபோர்டு எஃப்-100ஓ வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது கிங்பின், அதாவது சக்கரம் திரும்பும் அச்சாக நிற்கும் தடித்த இரும்புத் தண்டு. வண்டியின் முன்பக்க எடை முழுவதும் ஒவ்வொரு கிங்பின்னுக்கும் கீழேயுள்ள த்ரஸ்ட் பேரிங்கின்மேல் உட்கார்ந்திருக்கும். சக்கரம் தரையில் நிற்கும்போது கிரீஸ் அடித்தால், எடை தாங்கும் அந்த முகங்களுக்கிடையே கிரீஸ் நுழைய இடமிருக்காது; பக்கவாட்டு இடைவெளியில் வெளியே வழிந்துவிடும், அடித்தவருக்கோ கடமை முடிந்துவிட்டதாகத் தோன்றும். சக்கரத்தைத் தூக்கி, எடை இறங்கிய நிலையில், இரு பக்கமும் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். இதை மட்டும் செய்து, டயருக்கு உரிய காற்றையும் நிரப்பியதும் பவர் ஸ்டீயரிங் எண்ணத்தையே கைவிட்ட உரிமையாளர்கள் உண்டு.

அலைச்சலுக்கு வருவோம். பாக்ஸ், ஐட்லர் ஆர்ம், டை ராட் முனைகள், வீல் பேரிங் ஆகியவற்றின் ஆட்டத்தைப் போக்கிய பிறகும் வண்டி நேர் பிடிக்கவில்லையென்றால் பார்க்க வேண்டியது கேஸ்டர் கோணம். சக்கரம் திரும்பும் அச்சு மேலே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே கேஸ்டர். அது கூடக்கூட வண்டி நேர்கோட்டை விரும்பும், திருப்பத்திலிருந்து வீல் தானாக மீளும், ஆனால் திருப்புவதற்குக் கனமாகும். மேனுவல் ஸ்டீயரிங்கை இலேசாக்குவதற்காகவே அக்காலத்தில் கேஸ்டரைக் குறைவாக, சுழியத்திலிருந்து ஒன்றிரண்டு பாகைக்குள் வைத்தார்கள். பயஸ் டயருக்கும் அக்கால வேகங்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. ரேடியல் டயரும் பவர் ஸ்டீயரிங்கும் வந்தபின் 3 முதல் 5 பாகை வரை வைப்பதே நல்லது. உங்கள் வண்டியில் மேல் கண்ட்ரோல் ஆர்மின் அடியில் செருகும் ஷிம்களால் (மெல்லிய தகடுகள்) இது சரிசெய்யப்படுகிறது. ஷிம்களால் மட்டும் அவ்வளவு கோணம் கிடைக்காவிட்டால் அதற்கென்றே மாற்றியமைத்த மேல் ஆர்ம்கள் கிடைக்கின்றன. பவர் பொருத்திவிட்டுப் பழைய மேனுவல் அலைன்மென்டோடு ஓட்டுபவர், வீலில் உயிரே இல்லை, சாலையே தெரியவில்லை என்று பம்பைக் குறை சொல்வார். கேஸ்டரைக் கூட்டினால் அந்த உணர்வில் பெரும்பகுதி திரும்பி வரும்.

இவ்வளவையும் செய்தபின், 16 அல்லது 17 அங்குல வீலும், முன்பக்கத்தில் 215/75 அல்லது 235/75 போன்ற குறுகலான 15 அங்குல டயரும், 35 பி.எஸ்.ஐ. அளவுக் காற்றும் இருந்தால், ஆறு சிலிண்டர் சி-10 மேனுவலிலேயே ஓட்டத்தக்க வண்டி. சக்கரம் சற்றேனும் உருளத் தொடங்கியபின் வீலைத் திருப்பும் பழக்கம் மட்டும் வேண்டும். பழைய லாரி ஓட்டுநர்கள் நின்ற இடத்தில் ஒடிப்பதே இல்லை. மேனுவலின் சிறப்புகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கசிய எண்ணெய் இல்லை, அறுந்துபோகப் பெல்ட் இல்லை, எஞ்சின் நின்றாலும் ஸ்டீயரிங்கின் குணம் மாறுவதில்லை, முன் டயர் பிடிப்பை இழக்கும் நொடி கைக்கு உடனே தெரிகிறது. காட்சிக்கும் வார இறுதிக்கும் மட்டும் வெளியே வரும், தொழிற்சாலை நிலையிலேயே எஞ்சியிருக்கும் ஒரு வண்டியில் பவர் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எட்டு சிலிண்டர் எஞ்சின் மாட்டினால் பவர் கட்டாயம் என்றொரு நம்பிக்கை உண்டு. அது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. செவ்ரலேயின் ஸ்மால் பிளாக் எட்டு சிலிண்டர், முற்றிலும் வார்ப்பிரும்பாலானதாக இருந்தாலும் ஏறத்தாழ 260 கிலோதான். பழைய நீள ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் சில அதற்குச் சமமானவை அல்லது அதைவிடக் கனமானவை. பிக் பிளாக் என்றால் 300 கிலோவைத் தாண்டும். அப்போது பேச்சு வேறு. ஏர் கண்டிஷனர், முன்பக்க வின்ச், கனமான பம்பர் என்று முன் ஆக்ஸிலின்மேல் ஏறும் ஒவ்வொன்றும் தராசைப் பவர் பக்கம் சாய்க்கும்.

உங்கள் விஷயத்தில் தராசு ஏன் பவர் பக்கம் சாய்கிறது? தோளில் வலியுள்ளவர் நெருக்கடியான இடங்களில் வண்டியை நிறுத்தி எடுக்கப்போகிறார் என்பதால். மேனுவலை எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஐந்து சுற்றுக்கும் மேல் கை போட்டு இழுக்க வேண்டும். அதே வண்டிக்கான பவர் பாக்ஸில் அது மூன்று, மூன்றரைச் சுற்றில் முடிந்துவிடும். மேனுவல் பாக்ஸின் விகிதம் 24க்கு 1 என்ற அளவில் இருக்கும். பவர் பாக்ஸில் 16க்கு 1 அளவில் இருக்கும். விசையை எஞ்சின் தருவதால்தான் விகிதத்தைக் குறைக்க முடிகிறது. விகிதம் குறைந்த மேனுவல் பாக்ஸை மாட்டி வேகமாகத் திரும்பும் ஸ்டீயரிங்கைப் பெறலாம் என்ற யோசனை அவ்வப்போது தலைகாட்டும். அது பந்தய வண்டிக்குச் சரி, பிக்கப்புக்குத் தண்டனை. ஓடும்போது முன் டயர் வெடித்தால் வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்கும் பவர் உதவி பெருந்துணை.

எந்த வகைப் பவர் என்பதே அடுத்த முடிவு. ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1920களிலேயே ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கை ஓட்டிக் காட்டிவிட்டபோதிலும், அது விற்பனைக்கு வரும் காரில் இடம்பெறக் கிறைஸ்லர் இம்பீரியல் வெளிவந்த 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின் வந்த வடிவங்களில் பழைய பிக்கப்புக்குப் பொருத்தமாக மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய மேனுவல் பாக்ஸை அப்படியே விட்டு, இணைப்புத் தண்டில் ஒரு கட்டுப்பாட்டு வால்வும், சேஸிஸிலிருந்து தண்டைத் தள்ளும் சிலிண்டரும் சேர்ப்பது ஒன்று. 1960களில் ஃபோர்டு கார்கள் பலவற்றில் இந்த அமைப்பு இருந்தது. நான்கு ஹோஸ்கள், கசியும் இடங்கள் பல, பழைய பாக்ஸின் ஆட்டம் அப்படியே மிச்சம். வண்டி அந்த அமைப்போடு பிறந்திருந்தால் காப்பாற்றி வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்க்க வேண்டாம்.

ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் கம்பத்தில் பொருந்தும் மின்சார மோட்டார் இரண்டாவது வழி. நவீன சிறு கார்களிலிருந்து கழற்றிய மோட்டார்களைப் பழைய வண்டிகளுக்கு மாற்றியமைப்பது இப்போது பரவலாக நடக்கிறது. பம்ப் இல்லை, எண்ணெய் இல்லை, எஞ்சின் அறை பழையபடியே தெரியும், உதவியின் அளவை ஒரு குமிழால் கூட்டிக் குறைக்கலாம். கவர்ச்சியான வழிதான்; ஆயினும் இரண்டு விஷயங்களைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நின்ற இடத்தில் ஒடிக்கும் கணத்தில் அது பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அக்காலச் சிறு ஆல்டர்நேட்டரும் பழைய வயரிங்கும் அதைத் தாங்கா, 6 வோல்ட் வண்டிகளில் பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது, இன்னும் முக்கியமானது: ஹைட்ராலிக் பாக்ஸில் உதவி விசை பாக்ஸின் உள்ளேயே, பிட்மேன் தண்டைத் திருப்பும் பிஸ்டனின்மேல் விழுகிறது. கம்பத்தில் உள்ள மோட்டாரோ தன் முறுக்கை முழுவதும் ஸ்டீயரிங் தண்டு, யூ-ஜாயிண்ட், பழைய பாக்ஸின் பற்கள் வழியாகவே அனுப்ப வேண்டும். மனிதக் கைக்கென்று செய்து, ஐம்பது ஆண்டுக்கு மேல் தேய்ந்த பற்களுக்கு அது புதிய சுமை. நல்ல நிலையிலுள்ள பாக்ஸும் வலுவான மின் அமைப்பும் இருந்தால் மட்டுமே நான் அதற்குச் சம்மதிப்பேன்.

மூன்றாவது, வால்வும் பிஸ்டனும் பாக்ஸுக்குள்ளேயே அடங்கிய ஒருங்கிணைந்த ஹைட்ராலிக் பாக்ஸ். உங்கள் வண்டிக்கு இதுவே சரி. 1967 முதல் 1972 வரையிலான சி-10க்குப் பவர் ஸ்டீயரிங் தொழிற்சாலையிலேயே விருப்பத் தேர்வாக இருந்ததால், அதே தலைமுறையின் பாகங்களைக் கொண்டு, சேஸிஸை வெட்டாமல் மாற்ற முடியும். நாளை வேறொருவர் மேனுவலுக்குத் திரும்ப விரும்பினாலும் வழி திறந்திருக்கும். பழைய பாக்ஸையும் பிட்மேன் ஆர்மையும் தூக்கிப் போடாமல் எண்ணெய் தடவிப் பொதிந்து வையுங்கள். முன் சஸ்பென்ஷன் முழுவதையும் வெட்டியெறிந்து, 1974இல் வந்த மஸ்டாங் II என்ற சிறு காரின் வடிவத்தைப் பின்பற்றிய ராக் அண்ட் பினியன் (பற்தண்டும் சிறு பற்சக்கரமும் கொண்ட ஸ்டீயரிங்) தொகுதியைப் பற்றவைக்கும் வழியும் உண்டு. பாரம் ஏற்றாத, தாழ்த்திக் கட்டிய அலங்கார வண்டிகளுக்கு அது பொருந்தலாம், உங்கள் தேவைக்கு அது மிகை.

பொருத்தும்போது சிக்கல் பாக்ஸைவிடப் பம்பில்தான் அதிகம் வரும். எட்டு சிலிண்டர் எஞ்சினுக்குப் பம்ப் பிராக்கெட்டுகள் தாராளமாகக் கிடைக்கும். 250 ஆறு சிலிண்டருக்குத் தேட வேண்டியிருக்கும், கிராங்க் புல்லியில் பம்புக்கான கூடுதல் பள்ளம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆகவே பாக்ஸை வாங்குவதற்கு முன் பிராக்கெட்டும் புல்லியும் கையில் இருக்கட்டும். புல்லிகள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் ஓயாமல் கத்தும். பம்பும் பாக்ஸும் ஒன்றுக்கொன்று ஒத்தவையாக இருப்பது அதைவிட முக்கியம்: ஜெனரல் மோட்டார்ஸ் பம்புகள் 1,000 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் தருபவை, அதே நிறுவனத்தின் பாக்ஸுக்கு அது சரி. குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த ஃபோர்டு வகை ராக்குக்கு அதைக் கொடுத்தால் தொட்டவுடன் தாவும் ஸ்டீயரிங்தான் கிடைக்கும்.

பவர் பாக்ஸ் மேனுவல் பாக்ஸைவிட நீளமானது என்பதால் ஸ்டீயரிங் தண்டு குட்டையாக வேண்டும். இது தொல்லையல்ல, வாய்ப்பு. 1950களின் பிக்கப்புகளில் ஸ்டீயரிங் தண்டு பாக்ஸிலிருந்து ஓட்டுநரின் நெஞ்சுவரை ஒரே இரும்புத் துண்டாக, ஈட்டி போல நீண்டிருக்கும். நேருக்கு நேர் மோதலில் அது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. மாற்றும் எவரும், ஒன்றுக்குள் ஒன்று சரிந்து சுருங்கும் தண்டையே போட வேண்டும். யூ-ஜாயிண்டின் கோணம் 35 பாகையைத் தாண்டக் கூடாது. இரண்டு ஜாயிண்டுகளுக்கிடையே முட்கரண்டி முனைகள் ஒரே தளத்தில் அமைய வேண்டும், இல்லாவிட்டால் வீல் ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை இலேசாகவும் இரண்டு முறை கனமாகவும் ஆகும். மூன்று ஜாயிண்டுகள் தேவைப்பட்டால் நடுவில் தாங்கு பேரிங் கட்டாயம்.

பிட்மேன் ஆர்மின் ஸ்ப்லைன் (தண்டோடு பொருந்தும் பற்கள்) அளவு பழைய பாக்ஸுக்கும் புதியதற்கும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. நீளம் ஒத்ததைத் தேடி வாங்குங்கள், அறுத்துப் பற்றவைத்த பிட்மேன் ஆர்மை எவ்வளவு திறமையான வெல்டர் செய்து தந்தாலும் மாட்டாதீர்கள். பழையதைக் கழற்றப் புல்லரையே பயன்படுத்த வேண்டும், சுத்தியலால் தட்டினால் உள்ளே பற்களும் பேரிங்கும் அடிபடும். பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸிஸ் சட்டத்தைச் சுரண்டித் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பவர் பாக்ஸ் சட்டத்தின்மேல் செலுத்தும் விசை மேனுவலைவிட அதிகமாக இருக்கலாம். 1973க்குப் பிந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்புகளில் அகல டயர்களோடு உழைத்தவற்றில், சரியாக அந்த இடத்தில் சட்டம் விரிசல் விடுவது அனைவரும் அறிந்த நோய். சந்தேகம் இருந்தால் உட்புறம் வலுவூட்டும் தகடு வைக்கச் சொல்லுங்கள். உயர் அழுத்த ஹோஸ் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொடாமல், எஞ்சின் ஆடும்போதும் உரசாமல் போக வேண்டும். சூடான மேனிஃபோல்டில் சொட்டும் ஸ்டீயரிங் எண்ணெய் தீப்பிடிக்கும்.

எண்ணெய் நிரப்பியவுடன் எஞ்சினை ஓட்டிவிடாதீர்கள். முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் ஓடாத நிலையிலேயே வீலைக் கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்பி, தொட்டியில் குமிழிகள் நிற்கும்வரை எண்ணெயைச் சேர்த்துக்கொண்டே இருங்கள். பிறகு ஓட்டினால், எண்ணெய் நுரைத்துப் பால் நிறமாகாமல் அமைதியாக வேலை செய்யும். கோடி நிலையில் வீலைப் பிடித்து அழுத்திக்கொண்டே நிற்கக் கூடாது; அழுத்தம் விடுவிக்கும் வால்வு திறந்து எண்ணெய் நொடிகளில் சூடேறும், பம்ப் முனகும், ஐட்லில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையின் வேகத்தில்) ஆறு சிலிண்டர் எஞ்சின் அணைந்தும் போகலாம். ஐட்லைச் சற்றே உயர்த்தி வைக்க வேண்டியிருந்தால் வியப்படைய வேண்டாம். தந்தைக்கு வண்டியைக் கொடுக்கும் முன், போக்குவரத்து இல்லாத இடத்தில் மெதுவாக உருளும்போது எஞ்சினை அணைத்து, உதவி இல்லாத வீல் எவ்வளவு கனக்கும் என்பதை அவரே உணரும்படி செய்யுங்கள். சாவியைப் பூட்டும் நிலைவரை திருப்பாமல் எஞ்சினை மட்டும் அணைக்க வேண்டும்.

அலைன்மென்ட் பட்டறையில் வண்டியை விடும்போது கேஸ்டர் 3 பாகைக்குக் குறையாமலும், இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகவும், டோ-இன் (முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 3 மில்லிமீட்டர் அளவிலும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கணினியில் 1968ஆம் ஆண்டின் பழைய எண்கள் வந்தால் அவர்கள் அதையே வைத்துவிடுவார்கள். ஓடத் தொடங்கிய முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் பாக்ஸின் போல்ட்டுகள், பிட்மேன் நட், பம்ப் பிராக்கெட் ஆகியவற்றை ஒரு முறை மீண்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, பெல்ட்டின் இறுக்கத்தையும் பார்த்துவிடுங்கள். புதுப் பெல்ட் நீண்டு தளர்வதற்கு அதற்குமேல் காலம் எடுப்பதில்லை.